சலவையக்காவும் தவளை வண்டிகளும்

துணி காயப்போடுவதில் சலவையக்காவுக்கு ஒரு வரிசை உண்டு. ரோட்டுப் பக்கக் கொடியில் காப்பி நிறக் கட்டில் போர்வைகள். அதற்குப் பின்னால் துண்டுகள். வீட்டுச் சுவரை ஒட்டிய கடைசிக் கொடியில்தான் வெள்ளை விரிப்புகளும் தலையணை உறைகளும். போர்வைகள் முன்னால் நின்று தூசியை வாங்கிக்கொள்ளும்; வெள்ளைகள் பின்னால் ஒளிந்துகொண்டு காயும். எல்லாம் மேலே இருக்கும் பெரிய லாட்ஜின் துணி. போர்வையில் படிந்த மண் போர்வை நிறத்திலேயே இருந்ததால் லாட்ஜில் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

அன்றும் வாயில் நான்கைந்து கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு கடைசி விரிப்பை உதறிக்கொண்டிருந்தபோது வளைவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. தவளை வண்டிகள். நாலு பருத்த டயர், கூரை கிடையாது, கதவு கிடையாது, பள்ளம் கண்ட இடமெல்லாம் எம்பிக் குதிக்கும். சுற்றுலா வந்தவர்கள் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அதில் ஏறி, காட்டுப் பாதைக்குப் போவார்கள். முதல் வண்டியை ஓட்டி வழிகாட்டிப் போகிறவள் சலவையக்காவின் கூடப்பிறந்த தங்கை. வண்டிகளை வாடகைக்கு விடும் கடையும் அவளுடையதுதான்.

"என்னக்கா, துணி இன்னும் காயலையா?" என்று தங்கை வண்டியை மெதுவாக்கிக் கேட்டாள். அக்காவின் வாயில் கிளிப்பு இருக்கும் நேரம் பார்த்துத்தான் அவள் எப்போதும் பேச்சுக் கொடுப்பாள்.

அக்கா கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பதற்குள் கடைசி வண்டியும் போய்விட்டது. பதிலுக்குத் தூசிதான் திரும்பி வந்தது.

தங்கையின் கடை ரோட்டின் கீழ்முனையில். காட்டுப் பாதை மேல்முனையில். நடுவில் இருப்பது எல்லாருக்குமான பொது ரோடு. அது அக்காவின் வீட்டை உரசிக்கொண்டு போகும். தார் அவள் வீட்டுக்குச் சற்று முன்னாலேயே முடிந்து, வளைவிலிருந்து செம்மண். இதில் வேடிக்கை, அவள் புருஷனே ரோட்டு வேலை மேஸ்திரி. ஊர் ரோடெல்லாம் போடுகிறவர் வாசலில் ரோடு இல்லையே என்று கேட்டால், "என் வாசலுக்கு முதல்ல போட்டிருந்தா அதுக்கும் ஒண்ணு சொல்லியிருப்பீங்க" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். பேச்சில் அவ்வளவு சிக்கனம்.

சலவைத் தொழிலுக்கு அக்கா வந்ததே ஒரு ரிப்பேரால். முன்பு அதே லாட்ஜில் அறை பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் லாட்ஜின் சலவை மெஷின் படுத்துவிட, "ஒரு வாரத்துக்கு வீட்டுல துவைச்சுத் தர்றேன் சார்" என்று மூட்டையைத் தூக்கி வந்தாள். வாரம் வருஷமாகி, வருஷம் பல வருஷமாகிவிட்டது. மெஷினைச் சரிசெய்ய அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

வெள்ளை விஷயத்தில் அவள் பிடிவாதக்காரி. நீலம் ஒரு சொட்டுக் கூடிப்போனால் அன்று பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். விரிப்பைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். "இந்த ரூம்காரன் கட்டில்லயே உக்காந்து சாப்பிட்டிருக்கான்." "இவங்களுக்குள்ள சண்டை. ஒரு பக்கந்தான் கசங்கியிருக்கு பாருங்க." மேஸ்திரி தலையைக்கூட ஆட்டமாட்டார். இருந்தாலும் அவரிடம்தான் சொல்வாள்.

தவளை வண்டிகளைத் திட்டும்போது ஒன்றை மட்டும் அவள் விட்டுவிடுவாள். வண்டிகள் வந்த பிறகுதான் லாட்ஜில் புது அறைகள் கட்டினார்கள்; புது அறைகள் வந்த பிறகுதான் அவள் வீட்டுக்கு இரண்டாவது மெஷின் வந்தது. அவள் விட்டதைத் தங்கை விடுவதில்லை. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

தூசிக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று யோசித்த அக்காவுக்கு ஒருநாள் துணி அலசும்போது மூளை வேலை செய்தது. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் கொல்லைப் பக்கம் வீணாகத்தானே போகிறது? குழாயை நீட்டி ரோட்டுக்குத் திருப்பினாள். மறுநாள் தவளைகள் வந்தன, குதித்தன, போயின. தூசி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. காப்பி நிறப் போர்வை காப்பி நிறத்திலேயே காய்ந்தது.

"பாத்தீங்களா," என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "உங்க ஆபீஸ் இத்தனை வருஷமா செய்யாததை ஒத்தக் குழாயில செஞ்சுட்டேன்."

மேஸ்திரி வளைவைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "தண்ணி நிக்கும்" என்றார்.

"நிக்கட்டுமே. அதுக்கென்ன கால் வலிக்கவா போகுது?"

நின்றது. வளைவில் மண் ஊறியது, டயர்கள் அதைக் கடைந்தன, பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் சேர்ந்ததும் நுரை கட்டியது. ஒருநாள் வண்டியோட்டத் தெரியாத ஒரு தடித்த மனுஷர் நேராக அதற்குள் விட்டார். நுரையும் சேறும் ஆளுயரம் எழும்பி அவர் தலைமேல் விழுந்தன. போச்சு, தங்கைக்கு இன்றைக்குக் கச்சேரிதான் என்று அக்கா கொடிக்குப் பின்னாலிருந்து ஆவலோடு எட்டிப் பார்த்தாள். மனுஷர் மீசை நுரையைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடியும் உள்ளே விட்டார். பின்னால் வந்தவர்களெல்லாம் எங்களுக்கும், எங்களுக்கும் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அடுத்த வாரம் தங்கையின் கடை வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'நுரைக்குளம் உண்டு.'

தூசியை உதறிவிடலாம். சேறு அப்படியில்லை. போர்வைக் கொடியைத் தாண்டி, துண்டுக் கொடியைத் தாண்டி, கடைசிக் கொடிவரை பறந்தது. அக்கா குழாயைக் கொல்லைக்கே திருப்பிவிட்டாள். ஆனால் அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. குளம் அவளை எதிர்பார்க்காமல் தானே நிரம்பிக்கொண்டது.

லாட்ஜ் மேனேஜர் ஒரு விரிப்பை அவள் முன்னால் விரித்துக் காட்டினார். "இது என்னம்மா?"

"சேறு சார்."

"அது எனக்கும் தெரியுது. துவைச்சதே இப்படின்னா துவைக்காதது எப்படியிருக்கும்னு தங்க வர்றவங்க கேக்குறாங்க. நான் என்ன சொல்ல? இன்னொரு தரம் இப்படி வந்துச்சுன்னா டவுன் சலவைக் கம்பெனிக்கு மாத்திடுவேன். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படாதே என்று சொல்கிறவர்கள்தான் செய்து முடிப்பவர்கள் என்று அக்காவுக்குத் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு மெஷினும் வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது. இந்த வயதில் மறுபடி துடைப்பம் எடுப்பதா? லாட்ஜில் இப்போது அதற்கும் ஆள் இருக்கிறது.

அவள் நேரே ஊர் மன்றத்துக்குப் போய்ப் புகார் சொன்னாள். தவளை வண்டிகள் பொது ரோட்டைத் தோண்டிப் பள்ளமாக்கிவிட்டன. இனி அவை பொது ரோட்டில் ஓடக் கூடாது. குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று மாலையே தங்கை கொல்லை வழியாக வந்து நின்றாள். "கூடப்பிறந்தவ பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறியே, இது நல்லாயிருக்கா?"

"மண்ணை நீதானேடி தினமும் என்மேல போடுற?"

"அந்த ரோடு இல்லைன்னா நான் வண்டியைத் தலையில தூக்கிட்டா போவேன்?"

"தூக்கிட்டுப் போ. தூசி வராது."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

மன்றத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முதலில் பள்ளி வேன் ஓட்டுகிற அம்மா எழுந்தாள். "அந்த வண்டிங்க பின்னாடி போனா புள்ளைங்க மூஞ்சியே அடையாளம் தெரியல. யாரை எங்க இறக்கிவிடுறதுன்னு எனக்கே சந்தேகமாயிடுது. ஆனா ஒண்ணு, ஹாரன் அடிச்சா ஒதுங்குறாங்க. நம்ம பால் வண்டிக்காரர் ஒதுங்கவே மாட்டாரு." பால் வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். தங்கை தன் பக்கத்தைச் சொன்னாள். அக்கா பள்ளத்தைச் சொன்னாள்; ஆழத்தைக் கையால் காட்டும்போது கொஞ்சம் தாராளமாகவே காட்டினாள்.

தலைவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "ரோடு உங்க பொறுப்பு. பள்ளம் எதனால வந்துச்சு?"

மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வண்டிதான் தோண்டுச்சு."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா ஊறாத மண்ணை வண்டி தோண்டாது" என்றார் அவர்.

"ஊறுற அளவுக்குத் தண்ணி ஏது?"

"எங்க வீட்டு மெஷின் தண்ணி."

கூடம் கொல்லென்று சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். அது சுற்றவில்லை. சுற்றியிருந்தால் எண்ணிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

முடிவு உடனே வந்தது. தவளை வண்டிகள் பொது ரோட்டில் போகலாம், ஆனால் வீடுகள் இருக்கும் இடத்தில் நடை வேகம்தான். ரோட்டில் யாரும் தண்ணீர் விடக் கூடாது. பள்ளத்தை மேஸ்திரி மூட வேண்டும்.

மறுநாளே ஜல்லி கொட்டி, மண் பரப்பி, உருளை உருட்டி அவர் மூடினார். குளம் இருந்த இடம் சப்பாத்திப் பலகை மாதிரி ஆகிவிட்டது. அக்கா கொடிப் பக்கம் நின்று பார்த்தாள். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நாலைந்து நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

தவளைகள் இப்போது ஆமைகளாகப் போயின. தூசி எழவில்லை. வெள்ளைகளை எந்தக் கொடியிலும் போடலாம். ஆனால் போட வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் லாட்ஜிலிருந்து வந்த மூட்டையை அக்கா ஒரே கையால் தூக்கிவிட்டாள். ஒரு மெஷின் அன்று ஓடவே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஸ்திரி அடுப்படி மேசையில் உட்கார்ந்த சமயம், கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள். அக்காவைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமா, உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. குளம் இல்லையான்னு கேட்டுட்டு வந்தவங்க பாதிப் பேர் திரும்பிப் போறாங்க."

"என்னங்க, அவகிட்ட சொல்லுங்க. அது எனக்கு மூட்டையிலயே தெரிஞ்சுபோச்சு."

மேஸ்திரி குழம்பை ஊற்றிக்கொண்டார்.

"எதிர்ல அப்பா விட்டுட்டுப் போன சரிவு நிலம் இருக்குல்ல மாமா. புல்லுகூட முளைக்காத இடம். அங்க குளம் வெட்டினா ரோட்டுக்கும் தொந்தரவில்ல, யார் துணிக்கும் தொந்தரவில்ல. தண்ணிதான் வேணும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். முதல் தடவையாகத் தங்கையை நேராகப் பார்த்தாள். "சோப்புத் தண்ணியாடி?"

"பின்ன? நுரை இல்லாம என்ன நுரைக்குளம்."

"அந்த நிலத்துல எனக்கும் பாதி இருக்கு."

"இல்லைன்னு யார் சொன்னா?"

"ரோட்டுல நடை வேகந்தான். சேத்தோட வர்ற வண்டியை அங்கயே கழுவிட்டுத்தான் ஏத்தணும். என் வெள்ளையில ஒரு பொட்டு விழுந்தாலும் குழாயைப் பிடுங்கிடுவேன்."

"பிடுங்கிக்கோ. முதல்ல போடு."

அக்கா புன்னகையை அடக்கிக்கொண்டு இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். தங்கை கேட்காமலே சோற்றுப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. தண்ணீர் இந்தப் பக்கம். நிலம் அந்தப் பக்கம். நடுவில் ரோடு; அதுவும் இப்போதுதான் உருளை உருட்டி நிரவிய ரோடு.

இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"மாமா," என்றாள் தங்கை, "அடியில ஒரேயொரு பைப்பு."

"மேல வந்தாத்தானே குத்தம்?" என்றாள் அக்கா. "பூமிக்குள்ள போற தண்ணி யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? மன்றத்துல கேட்டா நீங்களே எடுத்துச் சொல்லலாம். அன்னைக்குத்தான் நல்லா பேச வந்துச்சே."

"நீங்க தோண்டச் சொன்னா நாங்களே தோண்டிடுவோம் மாமா. மூடுறது மட்டும் உங்க வேலை."

"என்னங்க, உங்களைத்தான். பைப்பு போடலாமா, கூடாதா?"

மேஸ்திரி தட்டில் இருந்த கடைசி உருண்டையைச் சாப்பிட்டு முடித்தார். எழுந்து தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்தார். ஆணியில் தொங்கிய துண்டில் கையை நிதானமாக, விரல் விரலாகத் துடைத்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அக்காவையும் பார்க்காமல் தங்கையையும் பார்க்காமல் வாசல் பக்கமாக வெளியே போனார்.