அமிலம் ஊற்றாத பாட்டில்

சுமதி இறந்துவிட்டார் என்று ஆய்வகத்துக்குச் செய்தி வந்தபோது, "மூணு நாளா ஒரு தண்ணி சாம்பிள்கூட வரல, என்னதான் பண்றாங்க?" என்று நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். காய்ச்சலாம். முப்பத்தாறு வயது. அவர் தெருக் குழாய்த் தண்ணீர்தான் கொன்றது என்று இங்கே கூடியிருக்கும் உங்களில் சிலர் பேசிக்கொள்கிறீர்கள். இல்லை. அதையும் இதையும் கலக்காதீர்கள்.

காரைக்கால் முழுக்கக் குழாய்த் தண்ணீர் பிடித்து வருவது ஒப்பந்த ஊழியரான சுமதியின் வேலை. சோதிப்பது என் வேலை. நெரவியில் அவர் தெருவுக்கு அருகே ஒரு முலாம் பட்டறைக் கழிவு வாய்க்காலில் கலந்தது. புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம் குழாய்நீரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

கருக்களாச்சேரியில் மீனுக்குப் போடும் ஐஸை வாங்கி, அதில் பாட்டிலைப் புதைத்துக் கொண்டுவந்தார். "இது லேபா, மீன் மார்க்கெட்டா?" என்றேன்.

"சில்லுன்னு வரணும்னு நீங்க கொடுத்த தாள்லதான் சார் இருக்கு. வாடை வரக்கூடாதுன்னு போடலையே."

பாட்டிலில் அமிலம் ஊற்றியிருக்கவில்லை. உலோகச் சோதனை என்றாலே ஊற்றிவைப்பது எங்கள் வழக்கம். "இதுக்கு மட்டும் ஊத்தக் கூடாதுன்னும் அதே தாள்ல இருக்கு, படிங்க சார்" என்றார். படிக்கவில்லை. தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அமிலம் ஊற்றி வேறொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அதைச் சோதித்து, 'கண்டறியப்படவில்லை' என்று கையெழுத்திட்டேன்.

அமிலத்தில் அந்த வகைக் குரோமியம் உருமாறிவிடும்; தண்ணீரில் அது இருந்தாலும் சோதனையில் தெரியாது. பிறகுதான் படித்தேன். சுமதியிடம் ஒப்புக்கொண்டேன்.

"என்கிட்ட எதுக்கு சார் சாரி? தப்புன்னு ஆபீசுக்கு எழுதிக் கொடுங்க."

என் வேலை நிரந்தரமாகட்டும், எழுதுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் ஒரே விசாரிப்புதான்: "நிரந்தரமாயிட்டீங்களா சார்?"

துக்கம் கேட்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா டம்ளரில் தண்ணீர் நீட்டினார். "குழாத் தண்ணிதான், குடிங்க சார். இத குடிக்காதீங்க, கேன் வாங்குங்கன்னு சுமதி நச்சரிச்சுக்கிட்டே கிடந்துச்சு. நாங்கதான் உங்க கையெழுத்தக் காட்டி அது வாய அடைச்சோம். ரிப்போர்ட்ட விட நீ பெரிய ஆளாடீன்னு கேட்டோம்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "அந்த ரிப்போர்ட் தப்புங்க. அவங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறுசோதனைக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. சுமதியின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கடிதத்தின் நகல். அவர் கேட்டபோதே எழுதியிருந்தால் அது வெறும் ஆபீஸ் காகிதமாக இருந்திருக்கும்.