மெம்பர் கேட்காத மனை

அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் ஒருவருடைய பேச்சைச் சுருக்கச் சொல்லி யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. நானாகத்தான் சுருக்கினேன்.

நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறேன். தமிழ்ச் சுருக்கெழுத்தில் ஹையர் பாஸ் செய்திருப்பதால், பக்கத்து ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் பேசுவதைக் குறித்துத் தரக் கூப்பிடுவார்கள். அன்றைய கூட்டம் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றியது. சேத்தியாத்தோப்பு சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரிகள், கீழே நான்கைந்து ஊர் ஜனங்கள், வாசலில் இரண்டு வேன் போலீஸ்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் மைக்கைப் பிடித்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தன்னை வார்டு மெம்பர் என்று சொல்லிக்கொண்டார். ஊரை ஒட்டியிருக்கும் காலனித் தெருதான் அவருடைய வார்டு. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தவர். நிதானமாகப் பேசினார். என் பென்சில் அவர் கூடவே ஓடியது. ஒரு வார்த்தை விடவில்லை.

ஆனால் கடைக்கு வந்து டைப் செய்ய உட்கார்ந்தபோது அந்தப் பேச்சில் கை நின்றுவிட்டது. அவருக்கு முன்னால் பேசிய நிலக்காரர் சர்வே எண், ஏக்கர், கிணறு என்று அடுக்கியிருந்தார். எண்கள் எழுத எளிது. அவருக்கு ஆறு வரி வந்தது. இந்தப் பெண் என்னதான் கேட்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் அறிக்கை போயாக வேண்டும். கடைசியில் இப்படி அடித்தேன்: "வார்டு உறுப்பினர் ஒருவர், தம் தெருவினர் அனைவருக்கும் ஒரே இடத்தில் மாற்று மனை வழங்கக் கோரினார்."

பிடிபடாததற்குக் காரணம் உண்டு. நான் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அலுவலகத்துக்குப் போன் செய்வோம், வந்து மாற்றிவிட்டுப் போவார்கள். அங்கே இருந்தவரை வார்டு மெம்பர் என்று யாருக்கும் நாங்கள் ஓட்டுப் போட்டதில்லை. அப்படி ஒருவர் எதற்கு என்று யோசித்ததும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்த மெம்பர் கடைக்கு வந்தார். கையில் அறிக்கையின் ஜெராக்ஸ்.

"அன்னிக்கு மேடைக்குக் கீழ ஒக்காந்து எழுதிகினு இருந்தது நீங்கதான?" என்றார்.

"ஆமாங்க."

"இதுல நான் பேசுனது எதும்மா?"

காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். திரும்பவும் ஒருமுறை படித்தார்.

"நான் மனை கேக்கலியே. மனை குடுக்கறோம்னு அவங்கதான் சொல்லிகினு இருந்தாங்க."

"பேசினதோட சாரத்தைத்தான் எழுதுவோம் அக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"எங்க தெருவுல என்னா கேக்கறாங்க தெரியுமா? மெம்பரு போயி ஊரைக் குடுத்துட்டு மனை கேட்டுகினு வந்துட்டாளான்னு கேக்கறாங்க. ஒரு பொண்ணு எம் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டுது. எனக்கு ஓட்டுப் போட்டவ அவ."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. என்னால்தான் உட்கார முடியவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து அந்தக் கூட்டத்தின் நோட்டை எடுத்தேன். கோடும் வளைவுமாக இருந்த பக்கத்தை அவர் குனிந்து பார்த்தார்.

"இதுலயா நான் பேசுனது இருக்குது?"

"இருக்குக்கா."

"படிங்க."

படித்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"நெலம் இருக்கறவங்களுக்கு நெலத்துக்குக் குடுக்கறீங்க. வூடு இருக்கறவங்களுக்கு வூட்டுக்குக் குடுக்கறீங்க. எங்க தெருவுக்கு இருக்கறது ஒரு வார்டு. கிராம சபைன்னா எங்காளுங்க ஓரமா நின்னுட்டு வந்துடுவாங்க. நான் மெம்பரா வந்த பொறவுதான் எங்களுக்கும் சேர் போட்டாங்க. ரோடு ஏன் பாதியில நிக்குதுன்னு எழுந்து கேட்டோம். அந்த எடத்துக்கு வர்றதுக்கு எத்தினி வருசமாச்சு. இப்ப எங்களப் பிரிச்சி மூணு ஊருல வெக்கறீங்க. அந்த ஊருல நாங்க வந்தேறிங்க. எங்களுக்கு யாரு மெம்பரு? மறுபடியும் ஓரத்துலேர்ந்தா ஆரம்பிக்கறது? இதுக்கு நீங்க என்னா குடுப்பீங்க?"

படித்து முடித்ததும் அவர், "அவ்ளோதான். ஒண்ணும் வுடல" என்றார். "இத அப்படியே அடிச்சுக் குடுங்க. இது நான் பேசுனதுதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அடித்துத் தருகிறேன், கையெழுத்துக்கு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டி வந்துவிட்டோம்.

"டைப் அடிச்சுக் கொடு, தப்பில்ல. கையெழுத்து எதுக்கு?" என்றார்.

"நான் எழுதினது தப்புன்னு நான்தானேப்பா சொல்லணும்?"

"நாட்டுக்குக் கரண்டு வேணுமா வேணாமா?"

"வேணாம்னு அவங்க சொல்லலப்பா. கேள்வி கேக்கற இடம் போயிடுதுன்னு சொல்றாங்க."

"நாங்க கேக்கலியா? போனஸுக்குக் கேட்டோம், கான்ட்ராக்ட் ஆளுங்களைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லிக் கேட்டோம். கேட்டு வாங்கியிருக்கோம்."

"நீங்க யூனியன்ல கேட்டீங்க. யூனியனைக் கலைச்சு ஆளுங்களை மூணு ஊருக்கு அனுப்பியிருந்தா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இனிமே ஒன்னக் கூப்பிட மாட்டாங்க, பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார். எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. மறுநாள் கடைக்கு நடக்கும்போது மெம்பர் வராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

நான் கடை திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். அவர் பேச்சுக்குக் கீழே, கூட்டத்தில் இதைக் குறித்தவள் நான், அறிக்கையில் இதைத் தவறாகச் சுருக்கியதும் நான் என்று இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை இரண்டு பேரும் வடலூர் வழியாகக் கடலூருக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்றோம். வாங்கிய அதிகாரி என் வரிகளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க எதுக்குமா வந்தீங்க?"

"தப்பா எழுதினது நான்தான் சார்."

இன்னொரு முறை என்னைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

பல வாரம் கழித்து மெம்பருக்கு ஒரு கடிதம் வந்தது. மனு அறிக்கையுடன் இணைக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. அறிக்கையில் என் ஒற்றை வரி அப்படியே இருக்கிறது. கடைசியில் இணைப்பாக அவர் பேச்சும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. தெரு ஜனங்கள் படித்தார்கள். மூஞ்சிக்கு நேராகக் கேட்ட பெண் அந்தத் தாளை வாங்கிப் போய் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாளாம்.

அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அலமாரியில் பழைய நோட்டுகள் ஏழு இருக்கின்றன. வேலை இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, நான் அடித்துக்கொடுத்த பிரதிகளுடன் ஒத்துப் பார்க்கிறேன். ஒரு முதியவர் தெருக்கோயிலைப் பற்றி நெடுநேரம் பேசியதை "வழிபாட்டுத் தலம் குறித்தும் பேசினார்" என்று முடித்திருக்கிறேன். அந்த ஊர் இப்போது இல்லை. அவர் எங்கே போனார் என்று யாரிடம் கேட்பது?

மெம்பரின் தெருவை இன்னும் எடுக்கவில்லை. அளந்து கல் நட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் பஞ்சாயத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் தள்ளிப்போய், அதிகாரிகள்தான் நிர்வாகத்தைப் பார்க்கிறார்கள். போன வாரம் அவர் போன் செய்தார். எலக்‌ஷன் வந்தால் மறுபடி நிற்பீர்களா என்று கேட்டேன்.

"கல்லு நட்ட எடத்துல எலக்‌ஷன் வெப்பாங்களாம்மா?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இதுவரை மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். மூன்று பேரும் வேறு வேறு பதில் சொல்கிறார்கள்.