தீராத டப்பா

என் அண்ணி எந்தக் கிரீமைப் பற்றியும் அது தீரும்வரை வாயைத் திறக்க மாட்டார். தீர்ந்த பிறகு சமையலறை ஜன்னலோரம் நின்று, சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, காலியான கிரீம் டப்பாவின் அடியில் கரண்டியால் தட்டுவார். டக், டக்.

"கேட்டுச்சா? காலி. இப்ப பேசலாம்."

அவருடைய எல்லாக் காணொளிகளும் இப்படித்தான் தொடங்கும். பார்ப்பவர்கள் அவருக்கு 'டப்பாக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தால் அண்ணனும் "டப்பாக்கா மேடம்" என்றுதான் கூப்பிடுவான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். கல்யாணமான புதிதில் அண்ணி ஒரு பெரிய கடையில் அழகுப் பொருள் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். நிற்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. மீதி, வருகிற ஒவ்வொருவரிடமும் "இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்வது. அப்படிச் சொல்லி அண்ணி விற்ற கிரீமை வாங்கிப்போன ஒரு பெண், கன்னம் முழுக்கச் சிவந்து தடித்துத் திரும்பி வந்தாளாம். சண்டை போடவில்லை. அண்ணியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன் பாப்பா" என்றார் அண்ணி.

பிறகு எல்லோரும் போனிலேயே வாங்கத் தொடங்கியதால் அந்தக் கடை மூடப்பட்டது. அண்ணி மாலையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடப் போனார். பகலில் காணொளி. இப்போது மக்களைப் போனில் வாங்க வைப்பவர்களில் அவரும் ஒருவர். இந்த வேடிக்கையை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அதனாலதான் காலி பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார்.

நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு இணையக் கடையில்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் அண்ணன் என்னைப் 'பட்டதாரி' என்றே கூப்பிடுவான். என் வேலையை அம்மாவுக்குப் புரிய வைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன்.

"கடைக்குள்ள யாரு வர்றாங்க, எந்த வழியா வர்றாங்க, எதை எடுக்கறாங்க, எதை எடுத்துட்டு வேணாம்னு வச்சிட்டுப் போறாங்கன்னு பாக்கணும்மா."

"வாட்ச்மேன் வேலையா? அதுக்கா இவ்வளவு படிச்ச?"

யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பில்லை. என் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது ஒரு அழகுக் குறிப்புக்காரர் ஒரு உதட்டுச்சாயத்தைப் பற்றிப் பேசினால் கோடு விருட்டென்று மேலே ஏறும், அன்றைக்கே இறங்கிவிடும். ஆயிரக்கணக்கில் வருவார்கள், பார்ப்பார்கள், போய்விடுவார்கள். டப்பாக்காவின் வழியாக வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்தால் வாங்குவார்கள். வாங்கியதைத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள்.

எங்கள் மேலாளர் இதைக் கவனித்துவிட்டார். "யாரும்மா இந்த டப்பா?"

"எங்க அண்ணி சார்."

நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இத முதல்லயே சொல்லக் கூடாதா!"

அவர் கேட்டது இதுதான். கம்பெனி சொந்தமாக ஒரு முகக் கிரீம் கொண்டுவருகிறது. அண்ணி அதைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் ஒரு வருஷ ஒப்பந்தம், மாதச் சம்பளம். அண்ணி மருந்துக் கடை நாற்காலியிலிருந்து எழுந்துவிடலாம். ராத்திரிச் சாப்பாட்டை எங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அவருக்கு அந்த ஆசை நிறையவே இருந்தது. ஆனாலும் சொன்னார்: "தீந்ததும் சொல்றேன்னு சொல்லு. நல்லா இல்லன்னா அதையும் சொல்லுவேன்."

"ரெண்டு வேளையும் நல்லா அப்பிக்கச் சொல்லும்மா" என்றார் மேலாளர்.

கிரீம் எங்கள் குளியலறை அலமாரிக்கு வந்து சேர்ந்தது. அண்ணி காலையும் மாலையும் போட்டுக்கொண்டார். டப்பா தீரவேயில்லை. "இது என்ன பாப்பா, அட்சய பாத்திரமா?" என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். மேலாளர் தினமும் என் மேசைப் பக்கம் வந்து, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்பார். டப்பா ஒருவழியாகத் தீர்ந்தபோது அண்ணி உண்மையிலேயே அசந்துபோயிருந்தார்.

டக், டக். "இவ்வளவு நாள் உழைச்ச கிரீமை நான் பாத்ததில்ல. தண்ணி மாதிரி இழுத்துக்குது, பிசுபிசுப்பு துளிகூட இல்ல. வறண்ட தோல்காரங்க கண்ண மூடிட்டு வாங்கலாம்."

என் திரையில் அப்படி ஒரு ஏற்றத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பொட்டலம் கட்டும் பிரிவில் டேப் தீர்ந்துபோய் ஆள் அனுப்பி வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றார் மேலாளர்.

அதற்குள் பொட்டலங்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. காணொளியின் கீழே கேள்விகள் வரத் தொடங்கின. 'அக்கா, எனக்குப் பிசுபிசுன்னு ஒட்டுதே.' 'அக்கா, நீங்க சொன்னது இதுதானா?' அண்ணி புதிதாக ஒரு டப்பாவை வரவழைத்து, புறங்கையில் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பாப்பா, இது அது இல்ல. எனக்கு ஒண்ணு குடுத்துட்டு ஊருக்கு வேற விக்கறாங்க உங்க ஆளுங்க."

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க அண்ணி."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லல. ஆனா எங்க கம்பெனில..."

"எங்க கம்பெனியாம்! பட்டதாரிக்குக் கோவம் வந்துடுச்சு" என்றான் அண்ணன், சட்டை மாட்டிக்கொண்டே.

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் வேலை. நீராவியில் நின்று நின்று அவள் கன்னம் எப்போதும் காய்ந்து வெடித்தே இருக்கும். வாசலில் பையைப் பிடித்தபடி நின்றவள் மெல்லச் சொன்னாள்:

"அவங்கள ஏம்மா திட்டற. அதுல நான் கொஞ்சம் ஊத்தினேன்."

"எதுல அத்தை? என்ன ஊத்தினீங்க?"

"உன் டப்பாலதான். நாம கை கழுவுற இடத்துல பெரிய பாட்டில் லோஷன் இருக்குல்ல, அது."

அண்ணன்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். "அம்மா! நீ தனியா ஒரு கம்பெனியே நடத்தியிருக்க!"

"சிரிக்காதடா. வேலைய விட்டு வந்தா மூஞ்சி எரியுது. ஒரு நாள் தொட்டுப் போட்டேன், இதமா இருந்துச்சு. அப்புறம் விட முடியல. குறைஞ்சா தெரிஞ்சிடுமேன்னு ஊத்திக் கலக்கி வச்சேன்."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா அத்தை?"

"இந்த வயசுல மூஞ்சிக்குக் கிரீம் குடுன்னு மருமககிட்ட எப்படிம்மா கேக்கறது?"

நாள் முழுக்க முகக் கிரீம் தேடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அம்மாவுக்கும் ஒன்று தேவைப்படலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் அதை நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமையைத்தான் நினைத்தேன்.

"அண்ணி, கையெழுத்து ஆகட்டும். அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"அதானே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் அண்ணன்.

அண்ணி காலி டப்பாவை எடுத்து உள்ளே பார்த்தார். "தினமும் வாங்கிட்டுத்தானே இருக்காங்க பாப்பா. அதுல யாருக்காவது கன்னம் தடிச்சா?"

போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்தார். அம்மா பாத்திரம் கழுவும் சாக்கில் தள்ளி நின்றுகொண்டாள்.

"இன்னிக்குக் கரண்டி இல்ல. போன தடவை நான் சொன்னது தப்பு. அந்த டப்பால வேற லோஷனும் கலந்திருந்துச்சு, எனக்குத் தெரியாது. வாங்கினவங்க பிடிக்கலன்னா திருப்பி அனுப்புங்க. கலந்தது யாருன்னு கேக்காதீங்க, அது வீட்டு விஷயம்."

"நான்தான்" என்றாள் அம்மா. ஈரக்கையில் அந்த லோஷன் பாட்டிலோடு படத்துக்குள் வந்து நின்றாள். "அவ மேல தப்பில்லம்மா. நான்தான் திருட்டுத்தனமாப் போட்டேன்."

"அத்தை, ஓடிட்டிருக்கு!"

"ஓடட்டும்."

மறுநாள் என் திரையில் கிரீமின் கோடு சரிந்தது. திருப்பி அனுப்புகிறவர்கள் வரிசை கட்டினார்கள். ஆனால் கடைக்குள் கூட்டம் மட்டும் குறையவில்லை. எல்லோரும் தேடும் பெட்டியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்த மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா ஊற்றிய லோஷன். அது எங்கள் கடையில் இல்லவே இல்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. அவர் என்மேல் கோபப்படவும் இல்லை. "உங்க அண்ணி நல்லவங்கம்மா. நல்லவங்களோட ஒப்பந்தம் போட எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவரை வில்லனாக நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், முடியவில்லை. 'கையெழுத்து ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்' என்று வீட்டில் நான் சொன்னதும் அதே பயத்தில்தானே.

அன்று மாலையும் அண்ணி மருந்துக் கடைக்குப் புறப்பட்டார். வழக்கம்போல அவருடைய தட்டை மூடி வைத்தோம். கிளம்புமுன் குளியலறை அலமாரியில் இரண்டு டப்பாக்களை வைத்தார். ஒன்று அவருக்கு, முதலிலிருந்து போட்டுப் பார்க்க, கலப்பில்லாமல். இன்னொன்றின் மூடியில் ரப்பர் வளையம் மாட்டி அம்மாவிடம் காட்டினார்.

"வளையம் போட்டது உங்களுது அத்தை. யாரும் தொட மாட்டோம்."

அம்மா மூடியைத் திறந்து, விரல் நுனியால் பட்டும் படாமலும் ஒற்றி எடுத்தாள்.

"என்ன அத்தை இது, பொட்டு வைக்கிற மாதிரி!"

"தீந்துடும்மா."

"தீந்தாத்தானே கரண்டியால தட்ட முடியும்?" அண்ணி வாசலில் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார். அம்மாவின் விரலைப் பிடித்து டப்பாவுக்குள் ஆழமாக அமுக்கி எடுத்து, வெடித்த கன்னத்தில் அப்படியே வைத்தார். மேலேயும் கீழேயும் தேய்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"பிசுபிசுங்குதும்மா" என்றாள்.

"தெரியும் அத்தை. காலியானதும் சொல்லுங்க" என்று அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டார்.