சன்னலில் அம்மாவின் எக்ஸ்ரே

"மூச்ச இழுத்துப் புடிங்க சார்," என்றார் எக்ஸ்ரே எந்திரத்தைப் படுக்கைக்கே தள்ளிவந்தவர். நிமோனியாவில் கிடந்த அண்ணனால் இழுக்கவே முடியவில்லை. அப்படியே படம் எடுத்தார்கள்.

திரையில் தெரிந்த விலா எலும்புகள் என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த மர்பி டவுன் வீட்டுக்குக் கொண்டுபோயின. அம்மாவும் இப்படித்தான் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிறு பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். வேறொரு டாக்டரிடம் காட்ட வாங்கிவந்த அவளுடைய எக்ஸ்ரேயை அப்பா சன்னல் கம்பியில் செருகிவைத்தார். மருந்து வாடை அடித்த அந்தப் படம் காற்றில் தகரம்போலச் சடசடக்கும். வெயில் ஏறினால் எலும்புகள் ஒளிரும்.

"அம்மா இதுக்குள்ளதான் இருக்கா, பாருங்க," என்பார் அப்பா.

அண்ணன் தினமும் பையை மாட்டிக்கொண்டு அதன்முன் நிற்பான். "ஸ்கூலுக்குப் போய்ட்டு வரேம்மா." நானும் சொல்வேன்.

அம்மா வீடு திரும்பவில்லை. அப்பா படத்தைக் கழற்றிய பிறகும் அண்ணன் கொஞ்சநாள் வெறும் சன்னலிடம் சொல்லிவிட்டுப் போனான்.

டாக்டர் அண்ணனின் நேற்றைய படத்தையும் இன்றையதையும் அருகருகே காட்டினார். நேற்று கறுப்பாக இருந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது.

"ரெண்டு நுரையீரலும் அடைச்சிடுச்சும்மா. மருந்து கேக்கல. பாக்கவேண்டியவங்கள வரச்சொல்லிடுங்க."

"நான் மட்டுந்தான் டாக்டர்," என்றேன்.