நூலகத்துக்குப் போன மனு

ஓரத்தில் சுருள்கம்பி, மேலே கண்ணாடி போன்ற உறை, நடுவில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: "மனித - யானை முரண்பாடு: இறக்காமத்து வயல்வெளி பற்றிய ஓர் ஆய்வு." கல்முனையில் நான் நடத்தும் சனிக்கிழமைக் காலை வகுப்பில் அந்த மாணவி இதை என் கையில் தந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறந்த பிள்ளையைத் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தாள். தாங்கள் எழுதியவற்றில் ஒன்றைக் கொண்டுவரும்படி எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். "இது உங்கட கம்பஸ் ஆய்வா மகள்?" என்று கேட்டேன். "இல்ல சேர், இது மனு" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்து, பிறர் எழுதியதை அடித்து அடித்தே எழுதப் பழகியவன். ஓய்வுபெற்ற பிறகு, பட்டம் பெற்று அலுவலகங்களுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதமும் அறிக்கையும் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். சந்தையில் எனக்கு வழக்கமாக மீன் தரும், எல்லோரும் காக்கா என்றழைக்கும் வியாபாரி இதைக் கேள்விப்பட்டதும், "படிச்சி முடிச்ச புள்ளைகளுக்குப் படிக்காத ஆள் படிப்பிக்கிற! நல்ல காலந்தான் சேர்" என்று சொல்லிப் பாரை மீன் துண்டொன்றைக் கூடப் போட்டார். ஆட்கள் போகிறபோக்கில் விட்டுப்போகும் இப்படியான வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். அந்த மாணவியின் வாப்பா சொன்னதையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வாப்பா, அவளுடைய தகப்பன், வேளாண்மைக்காரர். அந்தப் பெரும்போகத்தில் நெற்கதிர் வந்து, அறுவடை வெட்டுக்கு ஒரு மாதந்தான் இருந்தது. யானைகளைத் தடுக்கும் மின்வேலி ஓரிடத்தில் அறுந்துபோக, பொழுது சாய்ந்தால் அவை உள்ளே வரத் தொடங்கிவிட்டன. விவசாய அமைப்பினர் கூடி, "ஊருக்குள்ள கம்பஸ் போய்வந்த புள்ள நீதான், நீ எழுதினாத்தான் எடுபடும்" என்று அவளிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். ஒரு கிழமை வயலுக்குள் நடந்து பார்த்து, பன்னிரண்டு பக்கம் எழுதி, கட்டி, மின்வேலிக்குப் பொறுப்பான அரச அலுவலகத்தில் ஒப்படைத்தாள். அதன் பிரதியைத்தான் எனக்குத் தந்திருந்தாள். ஒன்பது நாளாகியும் பதிலில்லை. வாப்பா அவளிடம் கோபிக்கவில்லை. "ஆன எழுதிப்போட்டா வருது? நாமதான் எழுதிப்போட்டுட்டுப் பாத்துக்கிட்டு இரிக்கம்" என்று மட்டும் சொன்னாராம்.

நான் வாசித்தேன். முதற்பக்கம் நன்றியுரை. இரண்டாம் பக்கத்தில் யானைகளின் வாழிடம் பற்றிய வரலாறு. பிறகு 'முரண்பாடு' என்ற சொல்லுக்கு அறிஞர்கள் கொடுத்த விளக்கங்கள், அட்டவணைகள், அடிக்குறிப்புகள். பதினோராம் பக்கத்தின் அடியில், "எனவே மின்வேலியைச் சீரமைப்பது குறித்துப் பரிசீலிக்கப்படலாம் எனக் கருத இடமுண்டு" என்று ஒரு வரி. ஊர் கேட்டது அந்த வரியைத்தான்.

திங்கட்கிழமை அவளுடன் அந்த அலுவலகத்துக்குப் போனேன். கடிதங்களுக்குப் பொறுப்பான கிளாக் நல்ல மனுசன். பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. "ஓம் சேர், அது வந்த! நல்ல புத்தகம். எங்கட பெரிய ஐயா பாத்திட்டு, 'மிகப் பயனுள்ளது, நூலகத்தில் வைக்கவும்' எண்டு கைப்பட எழுதித் தந்தார்" என்று எங்களை உள்ளே கூட்டிப்போனார். கண்ணாடி அலுமாரிக்குள் அது நிமிர்ந்து நின்றது. முதுகில் இலக்கம் ஒட்டியிருந்தது. அவமதிக்கப்பட்டிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். மரியாதை செய்து வைத்திருந்தார்கள். அதனால் சண்டைக்கும் இடமில்லை. நாங்கள் வந்த விசயத்தைச் சொன்னதும் கிளாக்கின் முகமும் மாறிவிட்டது. "அல்லாவே... ஆய்வு எண்டு போட்டிரிந்திச்சே புள்ள" என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். அவள் தேத்தண்ணியைத் தொடவில்லை. "நாலு வருசமும் இப்பிடித்தானே சேர் எழுதச் சொல்லித் தந்தாங்க? அப்ப அதெல்லாம் பிழையா?" என்றாள். பிழையில்லை என்றேன். கம்பஸில் வாசிக்கிறவருக்கு விடை ஏறத்தாழத் தெரியும். எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பார்க்க வாசிக்கிறார். அதற்காகவே கடைசி வரி வரைக்கும் வருவார். அலுவலகத்தில் வாசிக்கிறவர் தான் என்ன செய்யவேண்டும் என்று பார்க்க வாசிக்கிறார். அது முதற்பக்கத்தில் இல்லாவிட்டால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்வார். இதையெல்லாம் அன்று இவ்வளவு ஒழுங்காக நான் சொல்லவில்லை. "மகள், அவருக்கு இண்டைக்கு ஒரு வேலை குடுங்க" என்றுதான் சொன்னேன்.

அங்கேயே வெட்டத் தொடங்கினேன். வரலாறு போனது, அறிஞர்கள் போனார்கள். "இதுக்கு நான் ஒரு கிழமையா வயலுக்குள்ள நடந்த சேர்" என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை. நான் விடவில்லை. கடைசியில் நாலு வரி மிஞ்சியது: வேலி அறுந்துவிட்டது, யானை வருகிறது, வெட்டுக்கு முன் திருத்தித் தாருங்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் வாசித்துவிட்டுக் கேட்டாள்: "எந்த வேலி சேர்?"

"அறுந்த வேலிதான்."

"அது கிலோமீட்டர் கணக்கில ஓடுது. இத வச்சிக்கிட்டு வாற ஆக்கள் றோட்டோரத்தில நிண்டு பாப்பாங்க. அங்க வேலி நல்லாத்தான் இரிக்கி. 'குறையொன்றுமில்லை' எண்டு எழுதிட்டுப் போயிடுவாங்க."

முப்பது வருடம் கடிதம் அடித்த எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அவள் அட்டவணையைப் புரட்டி, வாய்க்கால் வேலிக்கடியால் போகும் இடத்தில், பெரிய மருதமரத்துக்குத் தெற்காக, மூன்று கம்பங்கள் சாய்ந்து கிடப்பதைக் காட்டினாள். அந்த ஒரு கிழமை நடையும் ஒரே வரியாகி, என்னுடைய நாலு வரிக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. கீழே ஒரு சின்ன வரைபடம். "பேர் எங்க சேர் போடுற?" என்று கேட்டாள். அமைப்பின் தலைவர் கையொப்பமிடுவார், எழுதியவர் பெயர் வராது என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "சரி சேர், வேலி வந்தாப் போதும்" என்றாள்.

இப்போது அவள் அக்கரைப்பற்றில் ஓர் அலுவலகத்தில் உத்தியோகத்தர். மற்றவர்கள் கையொப்பமிடும் கடிதங்களைத்தான் நாள் முழுக்க எழுதுகிறாள். இப்போதைய என் மாணவர்களோ கைப்பேசியிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். வசனங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. எந்த வேலி என்பது மட்டும் இருப்பதில்லை. முன்பென்றால் நீளமானதை வெட்டுங்கள் என்று மட்டும் சொல்லியிருப்பேன். இப்போது, வெட்டுவதற்கு முன் நடந்துபோய்ப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

அன்று எழுதிய அந்தக் கடிதம் மறுநாள் செவ்வாய்க்கிழமை போனது. அதற்குள் வாப்பாவின் வயலில் பாதி மிதிபட்டுப் போயிருந்தது. அந்தப் பாதிக்கு எந்தக் கடிதத்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு நான் உடுத்திக்கொண்டிருந்தபோது அவள் தொலைபேசியில் அழைத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"சேர், ஆக்கள் வந்திட்டாங்க. கம்பம் நடுறாங்க. மிச்ச வேளாண்மை தப்பும் எண்டு வாப்பா செல்றார்."

"அல்ஹம்துலில்லாஹ். நீங்கதான் எழுதின எண்டு செல்லினீங்களா?"

"இல்ல சேர். நான் வரம்பில நிண்டு பாத்துக்கிட்டுத்தான் இருந்த. அந்தத் தாளைக் கையில வச்சிக்கிட்டு நேரா மருதமரத்தடிக்குப் போனாங்க. ஒருத்தரிட்டயும் வழி கேக்கல்ல."