பாஸ்டருக்கு இரண்டு கை போதவில்லை

காது மூக்கு தொண்டை டாக்டர் என் கணவரின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா குரல் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நாலு மாசமா."

"யாருமே ஒண்ணும் சொல்லலியா?"

"எல்லாரும் சொன்னாங்க டாக்டர். பிரசங்கம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

என் கணவர் ஞானமுத்து, சங்கரன்கோவிலில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர். இருபத்தாறு வருடமாக ஒரே சபை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் ஆட்களுக்குப் பிரசங்கியாரின் தொண்டை கட்டினால் அது வியாதி இல்லை, வைராக்கியம். உபவாசக் கூட்டங்களில் அவர் குரல் கம்மக் கம்ம, சபையார் கூடுதலாக ஆமென் சொன்னார்கள். வீட்டில் பனங்கற்கண்டும் மிளகும் குவிந்தன. நானும் கஷாயம் வைத்துக் கொடுத்தேனே தவிர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. படித்தவள் என்று பேர்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், கற்கண்டு டப்பாவை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

திருநெல்வேலியில் பயாப்ஸி (சதையைத் துளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான நிரந்தரத் துளை) வைக்க வேண்டும் என்றார்கள்.

அவர் பத்து நாள் சம்மதிக்கவில்லை.

"சத்தம் போச்சுன்னா நான் என்ன பாஸ்டரு? இருக்குத வரைக்கும் பிரசங்கம் பண்ணிட்டுப் போயிருதேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறைக்க விருப்பமில்லை. "சபைக்கு வேற பாஸ்டர் கிடைப்பாங்க. எனக்கு வேற ஆள் கிடைக்காது. கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார்.

ஆபரேஷனும் ரேடியேஷனும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) முடிய நான்கு மாதமாயிற்று. கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. மூக்கால் மூச்சு விடாததால் மணமும் போனது. ரசம் தாளிக்கும்போது அடுப்படிக்கு வந்து சும்மா நிற்பார். எனக்கு அழுகை வரும்.

அவரைப் பற்றி ஊரில் கேட்டால் பிரசங்கத்தைச் சொல்லமாட்டார்கள். நகவெட்டியைத்தான் சொல்வார்கள். ராயகிரி, மேலநீலிதநல்லூர் என்று எங்கே படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போனாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், முதலில் அவர் கைகால் நகத்தை வெட்டிவிடுவார். ஜெபம் பிறகுதான், அதுவும் கேட்டால்தான்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஹார்டுவேர் கடை ஜெபராஜ் பார்க்க வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். என் கணவர் ஒரு பிள்ளையைப்போல் கையை நீட்டினார்.

இந்த ஜெபராஜ் எங்கள் சபையிலேயே வளர்ந்தவர். ஆனால் ஐம்பது வயதுவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எங்களிடம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. புத்தி தெரிந்து, தானாகக் கேட்டு, தண்ணீரில் முழுதாக முழுக வேண்டும். வருடாவருடம் என் கணவர் கேட்பார். "அடுத்த வருசம் பாஸ்டர்" என்று இவர் நழுவிவிடுவார்.

பிறகு கழுத்துத் துளைக்குள் ஒரு சின்ன வால்வு (நுரையீரல் காற்றைத் தொண்டைக்குத் திருப்பும் பொருத்து) வைத்தார்கள். துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டால் பேச்சு வரும். தகரத்தை இழுப்பதுபோல ஒரு குரல். அவர் முதலில் என் பெயரைச் சொன்னார். எனக்கு அது போதுமாயிருந்தது. அவருக்குப் போதவில்லை. ராஜினாமா கடிதம் எழுதி, சபைக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டார்.

கமிட்டி கூடிய அன்றைக்கு ஜெபராஜ் எழுந்தார்.

"நான் முழுக்கு எடுக்குதேன். ஆனா பாஸ்டரு கையாலதான். அதுவரைக்கும் அந்தக் கடிதாசியத் தொடாதீய."

அப்போதுதான் சிக்கல் புரிந்தது. ஆளைத் தண்ணீரில் முக்கித் தூக்க இரண்டு கை வேண்டும். பேச வேண்டுமானால் ஒரு கை கழுத்தில் இருக்க வேண்டும்.

"வார்த்தைய நான் சொல்லுதேன், அவிய முக்கட்டும்" என்றார் மூத்த டீக்கன் (சபை ஊழியத்தில் பாஸ்டருக்குத் துணை நிற்பவர்) செல்லத்துரை.

"எனக்கு அவிய சத்தம் வேணும். அது எப்பிடி இருந்தாலும் சரி" என்றார் ஜெபராஜ்.

என் கணவர் தலை குனிந்துகொண்டார். அந்தக் குனிவை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் கூட எறங்குதேன். துளைய நான் அடைச்சுக்கிடுதேன்" என்றேன்.

"பாஸ்டரம்மா, பொம்பளைய முழுக்குத் தொட்டிக்குள்ள நின்னு நடத்துத வழக்கம் இல்லியே" என்றார் செல்லத்துரை.

"தொண்டை கட்டினா கற்கண்டு குடுக்கதும் நம்ம வழக்கந்தான், அண்ணாச்சி."

செல்லத்துரை ராஜினாமா கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

டாக்டரிடம் கேட்டோம். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, இனி மாதாமாதம் வர வேண்டாம் என்றவர், தண்ணீரில் இறங்கப்போவதைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இடுப்பளவு தண்ணிதான். துளையில ஒரு சொட்டும் விழக்கூடாது. விழுந்தா நேரா நுரையீரல்தான்."

ஒரு வாரம் கூடத்தில் நின்று பழகினோம். விரலை அழுத்தினால் அவருக்கு வலிக்கும். தளர்த்தினால் காற்று சீறும். ஒரு மூச்சுக்கு நான்கைந்து வார்த்தைதான் வரும். அது தீருகிற இடத்தில் விரலை எடுத்து, அவர் மூச்சு வாங்கியதும் மறுபடி வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, பிரசங்க மேடைப் பலகைகளைப் பெயர்த்து, அடியில் இருக்கும் சிமெண்ட் தொட்டியில் இடுப்பளவு நீர் நிரப்பினார்கள். வெள்ளைச் சேலையில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. ஜெபராஜ் கைகளைக் கூப்பி நின்றார். அவரது முதுகில் ஒரு கையும் கூப்பிய கைமேல் ஒரு கையுமாக என் கணவர் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விரலை வைத்தேன்.

"பிதா குமாரன் பரிசுத்த ஆவியின்..."

சொல் வெளியே வருவதற்கு முன்பே என் விரலில் அதிர்ந்தது. விரலை எடுத்தேன். மூச்சு வாங்கினார். வைத்தேன்.

"நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

ஜெபராஜ் முழுகி எழுந்த வேகத்தில் தண்ணீர் எங்கள் தலை உயரத்துக்குத் தெறித்தது. துளையை உள்ளங்கையால் பொத்தினேன். சபையே பாடத் தொடங்கியது. என் கைக்குள் ஏதோ குலுங்கியது. என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வினாடிதான் இருக்கும், எனக்கு அது போதவில்லை. மூச்சு வாங்க வேண்டுமென்று அவர்தான் என் மணிக்கட்டைத் தட்டினார்.