அழுகண்ணி இருந்த கண்ணாடித் தொட்டி

உனக்கெதுக்கு அம்மணி அந்தக் கதையெல்லாம்? முன்பல்லு ரெண்டும் உழுந்து கெடக்குது, அதுக்குள்ள பொண்ணு பாத்த வம்பு கேக்குது. உங்கம்மா என்னைய நாப்பது வயசுல அம்மிச்சி ஆக்கிப்போட்டா. நீ அவளையும் முந்திருவியாட்ட இருக்குது. சரி, உக்காரு.

அப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும். அன்னூர்ப் பக்கம் தோட்டத்து ஊடு. என்ற அத்தை, அப்பாவோட தங்கச்சி, பஸ்ஸேறி கோயமுத்தூர் போய் காலேஜுல செடிகொடிப் படிப்பு படிச்சுட்டு இருந்துச்சு. ஒருக்கா ஊட்டிப் பக்கம் போனப்ப, ஈரப்பாறையில இருந்து ஒரு செடியப் பாசியோட பேத்தெடுத்துட்டு வந்துச்சு. மீனெல்லாம் செத்துப்போன பழைய கண்ணாடித் தொட்டியில நட்டு, டிவிப் பொட்டிக்குப் பக்கத்துல ஜன்னலோரமா வெச்சுச்சு. போர்த் தண்ணி உப்பு, ஊத்துனா செத்துரும்னு, மழைத்தண்ணிய அண்டாவுல புடிச்சு ஊத்தும்.

சாயங்கால வெயில் சாஞ்சு வந்து அதுமேல உழுகும் பாரு. கண்ணாடியெல்லாம் ஆவி பூத்திருக்கும். உள்ள காசாட்டம் செவப்பு எலை, எலை பூரா முடி, முடிக்கு முடி ஒரு சொட்டு. காயவே காயாத சொட்டு. மூக்க ஒட்டவெச்சுட்டு உக்காந்தன்னா தண்ணிக்கடியில தூங்கறாப்புல இருக்கும். எறும்பு போய் அந்தச் சொட்டுல ஒட்டிக்கும். எலை மெதுவா, மெதுவா, உள்ளங்கைய மூடறாப்புல மூடிக்கும். கவுச்சி திங்கற செடின்னு அப்பத்தா அந்தப் பக்கமே வராது.

அத்தை அதைப் பனிச்செடின்னுதான் சொல்லும். படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் கெடக்கறப்ப, பொண்ணு பாக்க வாராங்கன்னாங்க. கல்யாணம்னா படிப்பு நின்னுரும். அத்தை கெஞ்சிப் பாத்துச்சு. அப்பா காதுலயே போட்டுக்கல. அவிங்க வார அன்னைக்குக் காலையில அத்தை என்னையக் கூப்பிட்டு, "கண்ணு, ஆராச்சும் செடிக்குப் பேரு கேட்டா அழுகண்ணின்னு சொல்லோணும். நாட்டு வைத்தியருங்க அப்படித்தான் சொல்லுவாங்க"ன்னு சொல்லிக்குடுத்துச்சு.

வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா பொண்ணப் பாக்காம தொட்டியவே பாத்துட்டிருந்தாங்க.

"ஏனுங்க, என்ன செடிங்க இது, இத்தன அழகா மினுங்குது?"

அத்தை குனிஞ்ச தலை நிமிராம, "நான் வளத்தறதுங்க. எங்க போனாலும் எடுத்துட்டுத்தான் போவனுங்க"ன்னுச்சு.

"கொண்டா கண்ணு, எங்கூட்ல எடமா இல்ல? பேரென்ன?"

நான் முந்திட்டுப் போய், "அழுகண்ணிங்க"ன்னேன். நல்லாச் சொல்லோணுமில்ல, அதனால, "கண்ணுல தண்ணி நிக்கவே நிக்காதுங்க"ன்னும் சேத்திச் சொன்னேன்.

அந்தம்மா காப்பி டம்ளரக் கீழ வெச்சாங்க. "வார மருமக கையில அழுகண்ணியாங்க?"

"செடிதானுங்க, வெறுஞ் செடி"ன்னு அப்பா பின்னாடியே ஓடுனாரு. போயிட்டு வாரமுங்கன்னுதானே சொல்லோணும்? அவிங்க, "போறமுங்க"ன்னு சொல்லிப்போட்டுக் கார் ஏறிட்டாங்க.

அப்பா திரும்பி உள்ள வந்தா, அத்தை தொட்டி முன்னால உக்காந்து, முந்தானைய வாயில அடைச்சுட்டுக் குலுங்கிக் குலுங்கி... கண்ணெல்லாம் தண்ணி. அப்பா பயந்துபோய், படிப்பு முடியட்டும், அப்பறம் பாக்கலாம்னு உட்டுட்டாரு. சிரிச்சாலும் மனுசங்க அப்படிக் குலுங்குவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?

பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வேலியோரம் நின்னு, "என்னாச்சு கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"பாவமுங்க எங்கத்தை. மாப்பிள்ளை மேல அத்தன ஆசைங்க, அழுது முடியலைங்க"ன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.